ஒரே மீட்டர், மூன்று குடும்பம், இரட்டிப்பான பில்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டு உரிமையாளர், மேலே நாங்களும் இன்னொரு குடும்பமும். மூன்று வீட்டுக்கும் ஒரே தண்ணீர் மீட்டர். இந்த முறை பில் இரண்டு மடங்குக்கும் மேல் வந்திருக்கிறது. "ரேட்டைக் கூட்டிட்டாங்க, நான் என்ன செய்ய?" என்று சொல்லி உரிமையாளர் மூன்றாகப் பிரித்து வாங்குகிறார். ஊரில், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம், அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர்: ஒன்றரை ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் நெல். 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், இலவச மின்சாரம். அங்கே கிஸ்தியோடு (நில வரி) தண்ணீர்த் தீர்வையும் கேட்கிறார்கள். போர் தண்ணீருக்கும் வரி வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு. இதற்கிடையில் ஒரு தண்ணீர் லாரிக்காரர் லோடுக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். கரும்பை விட்டுவிட்டுத் தண்ணீரை விற்றால் என்ன என்று அப்பா யோசிக்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்: பில்லை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தண்ணீர் பில் எகிறுவதற்கு விலை உயர்வு ஒரு காரணம்தான். எத்தனை கிலோலிட்டர் ஓடியது, எத்தனை நாளுக்கான கணக்கு, பழைய பாக்கி எவ்வளவு என்று இன்னும் மூன்று எண்கள் அதே சீட்டில் இருக்கும். போன பில்லையும் இந்தப் பில்லையும் பக்கத்தில் வைத்து இவற்றை ஒப்பிடுங்கள். ஓடிய அளவு மாறாமல் தொகை மட்டும் ஏறியிருந்தால் உரிமையாளர் சொல்வது சரி. அளவே ஏறியிருந்தால் ரேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கெடுப்பு தள்ளிப்போய் 60 நாளுக்குப் பதில் 75 நாள் சேர்ந்திருந்தால், ஸ்லாப் அளவையும் (எத்தனை கிலோலிட்டர் வரை எந்த விலை என்ற படி) அதே விகிதத்தில் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். கூட்டாமல் விட்டிருந்தால் அது கேட்டு வாங்கவேண்டிய பணம்.

உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஒற்றை மீட்டரை. கணக்குக்காக மட்டும் ஒரு கட்டண முறையை வைத்துக்கொள்வோம்: மாதம் 20 கிலோலிட்டர் வரை கிலோலிட்டருக்கு 5 ரூபாய், 20 முதல் 40 வரை 8 ரூபாய், அதற்கு மேல் 12 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 12 கிலோலிட்டர், அதாவது நாலு பேருக்கு நாளொன்றுக்கு 400 லிட்டர். இது சிக்கனமான உபயோகம். தனித்தனி இணைப்பு இருந்தால் குடும்பத்துக்கு 60 வீதம் மூன்றுக்கும் 180 ரூபாய். ஒரே மீட்டரில் 36 கிலோலிட்டராகச் சேர்ந்தால் 20க்கு 100, மீதி 16க்கு 128, ஆக 228 ரூபாய். யாரும் ஒரு சொம்பு கூட அதிகம் செலவழிக்கவில்லை, ஆனாலும் 48 ரூபாய் கூடுதல்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. மேலே போட்டது அடுக்கடுக்காக ஏறும் கணக்கு. சில இடங்களில் ஸ்லாப்பைத் தாண்டினால் மொத்த அளவுக்கும் மேல் ஸ்லாப் விலையே போடுவார்கள். அந்த முறையில் 40 கிலோலிட்டருக்கு 320 ரூபாய், 41க்கு 492 ரூபாய். ஒரே ஒரு கிலோலிட்டருக்கு 172 ரூபாய் தண்டம்! பில் திடீரென்று எகிறுவதற்கு இப்படி ஒரு கோட்டைத் தாண்டியதும் காரணமாக இருக்கலாம். உங்கள் பில் எந்த முறையில் போடப்பட்டது என்பதை நடப்புக் கட்டண ஆணையை வைத்துத்தான் சொல்ல முடியும். பொதுப்பணித் துறையின் பொதுச் சுகாதாரக் கோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கையில் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். "கட்டணம் ஏன் கூடியது?" என்று கேட்டால் உபதேசம்தான் பதிலாக வரும். "வீட்டு உபயோக இணைப்புக்கான நடப்புக் கட்டண ஆணையின் நகல், இன்ன நுகர்வோர் எண்ணுக்குக் கடந்த 12 மாத மீட்டர் அளவுகள்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

அடுத்து ஒழுக்கு. "இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், காலையில் மறுபடி பாருங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் வரும் ஊருக்குத்தான் அந்தச் சோதனை முழுசாகப் பொருந்தும். சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வந்து, சம்ப்பில் (தரைக்கடித் தொட்டி) விழுந்து, மோட்டார் ஏற்றி, மேல்தொட்டிக்குப் போகும் வீட்டில், சம்ப்புக்கு அப்பால் இருக்கும் ஒழுக்கை மீட்டர் அந்த இரவில் காட்டவே காட்டாது. மறுநாள் சம்ப் நிரம்பும்போது மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே மூன்று துண்டாகச் சோதியுங்கள்.

மீட்டரிலிருந்து சம்ப் வரை: தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப்பின் மிதவை வால்வைக் கையால் தூக்கிக் கட்டிவிட்டு மீட்டரைப் பாருங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்களும் சிறு முள்களும் லிட்டர். நடுவில் இருக்கும் சின்ன முக்கோணமோ நட்சத்திரமோ அப்போதும் சுற்றினால், மண்ணுக்கடியில் குழாய் கசிகிறது, அல்லது வால்வின் வாஷர் போய்விட்டது. சம்ப்: இரவில் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, மோட்டார் ஓடாமல் 8 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள சம்ப்பில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர் போயிருக்கிறது. மழைக்காலத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். வெளி நீர்மட்டம் உயர்ந்திருந்தால் விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், அதோடு சாக்கடையும் வரும். மேல்தொட்டி: 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் 1 சென்டிமீட்டர் ஏறக்குறைய 9 லிட்டர்.

மேல்தொட்டி இறங்கினால் முதலில் பார்க்கவேண்டியது கழிவறை ஃபிளஷ் தொட்டி. மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு 20 நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் மணிக்கு 15 லிட்டர் ஒழுகினால் நாளுக்கு 360 லிட்டர், மாதத்துக்கு 10.8 கிலோலிட்டர். கிட்டத்தட்ட நாலாவதாக ஒரு குடும்பம் குடிவந்த மாதிரி. மாடி வீடு இரண்டும் கீழ்வீடும் சேர்ந்து, ஒரே நாளில் மூன்று கழிவறையையும் சோதியுங்கள். தனித்தனியாகச் செய்தால் பழி மட்டும்தான் மாறிமாறி விழும்.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி இருந்தால் கழிவுநீர்க் குழாயை ஒரு நாள் வாளியில் விடுங்கள். சாதாரணக் கருவியில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே போகும். நாளுக்கு 15 லிட்டர் குடிநீர் பிடித்தால் மாதம் ஒன்றேகால் கிலோலிட்டருக்கு மேல் சாக்கடைக்கு. தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது தாராளமாக ஆகும், செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.

மீட்டரே தப்பாக ஓடுகிறதா என்பதற்கு 20 லிட்டர் வாளி போதும். மீட்டரை ஒட்டிய முதல் குழாயில் 10 வாளி பிடியுங்கள். மீட்டர் 200 லிட்டர் காட்டவேண்டும், நாலைந்து லிட்டர் முன்பின் இருக்கலாம். 220 காட்டினால் விண்ணப்பம் எழுதுங்கள். அதற்கு முன் ஒன்று: தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடம் குழாயில் அடைந்திருந்த காற்று சீறிக்கொண்டு வரும், மீட்டர் முள் தாறுமாறாகச் சுற்றும். காற்றுக்கும் உங்களிடம் காசு வாங்குகிறார்கள் என்று அர்த்தம். வீட்டு வால்வை முதல் 10 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் இது பெருமளவு குறையும். ஒரு வாரம் திறந்த நேரத்தில் எடுத்த மீட்டர் படங்கள், வாளிச் சோதனை அளவு, முந்தைய பில் நகல் மூன்றையும் இணைத்து, மீட்டர் சோதனை கேட்டு உங்கள் பகுதியின் உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவருடையதாக இருக்கவேண்டும். ரசீது எண் வாங்காமல் மனுவைக் கொடுக்காதீர்கள். தெருக் குழாயிலிருந்து நேராக மோட்டார் வைத்து இழுப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். குற்றம் என்பது ஒருபுறம், அந்த உறிஞ்சலில் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வீட்டுக்குள் வரும்.

எல்லாம் பார்த்த பிறகும் அளவு நியாயமாகவே இருந்தால், மூன்று தனி இணைப்புக்கு உரிமையாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் வழி. அதுவரை மாடிக்கு இறங்கும் குழாய்களில் சொந்தச் செலவில் சின்ன மீட்டர் வைத்து, ஆளுக்கு ஓடிய அளவுப்படி பிரித்துக்கொள்ளுங்கள். சரிசமமாக மூன்றாகப் பிரிப்பதில் சிக்கனமானவருக்குத்தான் நஷ்டம்.

கட்டணம் ஏன் கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோலிட்டரை ஆழ்குழாயிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை மொத்தம் 80 மீட்டர் தூக்க, பம்ப் பாதித் திறனில் ஓடினால், ஏறக்குறைய 0.44 யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட் 7 ரூபாய் என்றால் 3 ரூபாய் சொச்சம். வழியில் கால் பங்கு கசிந்தால் வீட்டுக்கு வந்து சேரும் கிலோலிட்டருக்கு அது 4 ரூபாய் ஆகிவிடும். குளோரின், ஆட்கூலி, குழாய் மாற்று எல்லாம் இதற்கு மேல். உயர்வு முழுக்க அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கசியும் குழாயைச் சரிசெய்யாமல் அந்தச் செலவையும் ஒழுங்காகப் பணம் கட்டுபவர் தலையில் ஏற்றுவதை நியாயப்படுத்தவும் முடியாது.

வீட்டில் தனி போர் போட்டால் பில்லே வராதே என்று அடுத்துத் தோன்றும். புதுச்சேரியில் 2002ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதைவிட, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் எல்லோரும் இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும். பக்கத்து வீட்டு போர் தண்ணீரைச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. அதைத் தாண்டினால் அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இனி நெல்லிக்குப்பம். கிஸ்தி ரசீதைப் பார்த்தால் தீர்வை, ஸ்தல வரி, அதன் மேல்வரி என்று தனித்தனியாக இருக்கும். நஞ்சை நிலத்தின் தீர்வையில் ஒரு போகத்துத் தண்ணீருக்கான பங்கு ஏற்கெனவே அடக்கம். அதே நஞ்சையில் இரண்டாம் போகத்துக்கு ஏரி, வாய்க்கால் போன்ற அரசு நீரை எடுத்தால் பசல் ஜாஸ்தி. புஞ்சை நிலத்துக்கு அரசு நீரைப் பாய்ச்சினால் தீர்வை ஜாஸ்தி. இரண்டுமே அரசு நீருக்குத்தான். பட்டா நிலத்தில் சொந்தப் பணத்தில் போட்ட போர் தண்ணீருக்கு இவை வராது.

அப்படியும் கேட்கிறார்கள் என்றால் கோளாறு அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில் இருக்கும். பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் "ஏரி" என்று விழுந்திருக்கலாம். பயிர் மாறியதைக்கூட பழைய பசலியிலிருந்து (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) அப்படியே நகல் எடுப்பது உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கிப் பாருங்கள். தப்பாக இருந்தால் மின் இணைப்பு எண் உள்ள சீட்டின் நகலோடு மனுக் கொடுங்கள். அங்கே நடக்காவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மே, ஜூன் வாக்கில் நடக்கும் ஜமாபந்தியில் (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) கொடுங்கள். கணக்கு ஜூன் 30இல் முடிந்து ஜூலை 1இல் புதுப் பசலி தொடங்கிவிடும், அதன்பிறகு பழையதைத் திருத்துவது கடினம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தது 1434ஆம் பசலியில். அதில் பயிர் போயிருந்து அந்தப் பசலிக்கு இன்னும் பாக்கி கேட்டால், தீர்வை வஜா (தள்ளுபடி) கேட்டு அதையும் அதே மனுவில் எழுதலாம். எப்படியும் இந்தத் தொகை சிறியது. சண்டை போடவேண்டியது தொகைக்காக அல்ல, அடங்கல் சரியாக இருக்கவேண்டும் என்பதற்காக. பயிர்க் காப்பீடு, நிவாரணம், மானியம் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வரும்.

டீக்கடைப் பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை, குழாய் வழிப் பாசனத்தை முன்னோடியாகச் செய்துபார்க்க 1,600 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சில வாரங்களில் அது "விவசாயிக்கு நிலத்தடி நீர் வரி" என்று செய்தியாகப் பரவியது. அப்படி ஒரு வரி இல்லை என்று ஜல் சக்தி அமைச்சகம் மறுத்துவிட்டது. நீரும் பாசனமும் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம், கட்டணம் போடுவதென்றால் மாநிலம்தான் போடவேண்டும். அப்பா இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர் கவலைப்படவேண்டிய விலை வேறு. இலவச மின்சாரம் என்பதால் தண்ணீரும் இலவசம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நீர்மட்டம் 20 மீட்டரிலிருந்து 40க்கு இறங்கினால் அதே தண்ணீருக்கு மோட்டார் இரு மடங்கு உழைக்கவேண்டும். குழாய் இறக்கும் செலவு, காயில் கட்டும் செலவு, கடைசியில் புது போர் என்று பில் வேறு வழியில் வரும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இருமுனையில் ஓட்டுவது நம் பக்கம் சகஜம். காயில் கருகுவதற்கு அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. இருமுனைத் தடுப்பானும், தண்ணீர் வற்றினால் நிறுத்தும் ரிலேயும் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு அளவு எடுங்கள். 200 லிட்டர் டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது? 5 எச்.பி. மோட்டார் 30 மீட்டர் தூக்கினால் நொடிக்கு 6 லிட்டர் அளவில், மணிக்கு 22 கிலோலிட்டர் வரலாம், அதாவது டிரம் 33 நொடியில் நிறையவேண்டும். ஒரு நிமிடம் ஆனால் பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும், நல்ல மோட்டாருக்கே 9 மணி நேரம்.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டியதில்லை. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள 6 அங்குல பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். வரப்போரம் வேண்டாம், அங்கே கசிவு ஏமாற்றும். நட்டு இரண்டு வாரம் வரை வழக்கம்போலக் கட்டுங்கள். அதன்பின் குழாயில் நீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் 5 சென்டிமீட்டர் கட்டினால் போதும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் காயவிடக்கூடாது, பதர் விழும். களை கூடும், அதற்கு ஒரு கை எடுப்பு அதிகம் ஆகும். அப்படியும் லாபம்தான்.

கரும்புதான் பெரிய குடி, ஆண்டுக்கு 1,800 முதல் 2,200 மில்லிமீட்டர் வரை கேட்கும். அதற்குச் சொட்டுநீர் போடுங்கள். 5 அடி இடைவெளியில் பார், 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் (தண்ணீர் சொட்டும் துளை), ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,500 சொட்டுவான், மணிக்கு 18 கிலோலிட்டர். உங்கள் மோட்டார் ஒரு நேரத்தில் ஒரு ஏக்கரைத் தாங்கும், ஒன்றரை ஏக்கரை இரண்டு வால்வாகப் பிரிக்கவேண்டும். வெயில் காலத்தில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு ஒரு மணி 20 நிமிடம். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயிச் சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அங்கேதான் விண்ணப்பம் தங்கிவிடும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். போட்ட பிறகு பராமரிக்காதவர்கள்தான் "சொட்டுநீர் உபயோகமில்லை" என்பார்கள். வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவவேண்டும், பக்கக் குழாய்களின் முனையைத் திறந்து அழுக்கு போகும் வரை ஓடவிடவேண்டும். சிவப்புப் படிவு வந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. எதற்கு என்ன மருந்து என்பது சோதனைக்குப் பின்தான்.

அந்தத் தண்ணீர்ச் சோதனையில் மின்கடத்து திறன் என்ற எண்ணைப் பாருங்கள், உப்பு எவ்வளவு என்பதை அது காட்டும். தண்ணீரில் அது மீட்டருக்கு 1.1 டெசிசைமன்ஸைத் தாண்டினால் கரும்பு விளைச்சல் குறையத் தொடங்கும், நெல்லுக்கு வரம்பு 2. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தையோ கேட்டு மாதிரியைக் கொடுங்கள். மோட்டார் அரை மணி ஓடிய பிறகு பிடித்த தண்ணீராக இருக்கவேண்டும்.

கடைசியாக லாரி. 12,000 லிட்டர் லோடு நாளுக்குப் பத்து என்றால் 120 கிலோலிட்டர், ஐந்து ஏக்கர் கரும்புக்கு ஒரு நாள் தண்ணீர். உங்களிடம் இருப்பது ஒன்றரை ஏக்கர் கரும்பு. அந்த போர் இதுவரை இறைக்காத அளவை இறைக்கப்போகிறது, பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். இலவச விவசாய இணைப்பில் தண்ணீரை விற்பது மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆவது பிரிவில் அங்கீகாரமற்ற உபயோகம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதம் முழுவதற்கும், பொருந்தும் கட்டணத்தின் இரு மடங்கில் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு இணைப்பு வைத்திருக்கும் அப்பா பெயரில்தான் வரும், லாரிக்காரர் பெயரில் அல்ல. முன்பணம் ஏதாவது வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.